படுத்திட்டாங்கள்

அறைக்கு ஜன்னல் இல்லை.
கொழும்பில் மழை என்பது
தேத்தண்ணி கொண்டுவந்தவனின்
நனைந்த தோளைப் பார்த்துத்தான் தெரியும்.

மேசையில் வரைபடம், அதன்மேல் கண்ணாடி,
கண்ணாடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு களப்பு.
வடக்கே, அந்தக் களப்புக்குள்
கழுத்தளவு தண்ணீரில் ஆறு பேர்.
பேசமாட்டார்கள். பேசக்கூடாது.
பொத்தானை இரண்டு தரம் அமத்தினால் ஆம்.
ஒரு தரம் என்றால் இல்லை.

கேர்ணல் அமுனுகமவின் கையில் மைக்.
என் காதில் மற்றக் கரையின் வோக்கி.
எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கதிரை,
அதில் யாருடையதோ தொப்பி.

நான் கொம்பனித்தெரு நிஸ்தார்.
துறைமுகத்தில் சரக்குக் கடதாசி மொழிபெயர்த்தவன்.
என்னுடையது கடைத்தெருத் தமிழ்.
வோக்கியில் வருவது வேறு,
அதில் "மெய்யே" உண்டு, "விசரே" உண்டு,
எங்கே சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடாது.

இரண்டு பத்துக்கு ஒரு குரல்.
பதினேழு வயசிருக்கும், தொண்டை கட்டியிருந்தது:
"ஓம் அண்ணை. பெடியள் படுத்திட்டாங்கள்."

நித்திரைக்குப் படுத்தார்களா?
அணைக்கட்டுக்குப் பின்னால், துவக்கோடு,
நெஞ்சு மண்ணில் படப் படுத்தார்களா?
நான் கொடுக்கவேண்டிய மொழியில் அது இரண்டு சொல்.
ஒன்றைத்தான் கொடுக்கலாம்.

"என்ன சொல்றான்?" என்றார் கேர்ணல், திரும்பாமல்.

"நித்திரை, சேர்."

அந்தக் குரலில் ஒரு கொட்டாவி இருந்தது.
இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மைக்கை வாய்க்குக் கிட்ட எடுத்தார்.
"யன்ன."
உத்தரவு அவ்வளவுதான்.
களப்பிலிருந்து டிக், டிக்.

குறிப்பேட்டில் நேரம் 02.14.
கட்டளையிட்டவர்: ஒரு கையெழுத்து.
ஏற்றவர்: ஓர் இலக்கம்.
சொல்லைக் கொடுத்தவனுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.
ஹெட்போனைக் கழற்றச் சொன்னார்கள்.
"உங்கட வேலை முடிஞ்சது, நிஸ்தார் மாத்தயா."

வெளியே மழை விட்டிருந்தது.
பேர வாவி நாறியது.
மருதானைக்குப் போகும் முதல் ரயில்
வெறும் பெட்டிகளோடு போனது.

ஆறு பேரும் திரும்பினார்களா, நாலு பேரா,
அந்தப் பொடியன் கொட்டாவியை முடித்தானா,
கேட்கக்கூடிய பதவியில் நான் இருக்கவில்லை.
அடுத்த இரவு போனபோது
கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார்கள்.
ஈரத்துணியின் கோடு மட்டும்.

போன மாசம் பேப்பரில் கேர்ணலின் மரண அறிவித்தல்.
மலர்வளையம் தவிர்க்கவும் என்று போட்டிருந்தது.
வெட்டி எடுத்தேன். பிறகு
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கரண்ட் பில்லோடு சேர்த்து வைத்தேன்.

இன்றைக்கு மகளின் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.
பத்து மணிக்கு ஃபஸ்மியா குசினியிலிருந்து சொன்னாள்,
"பிள்ளைகள் படுத்திட்டாங்க."

எழும்பிப் போனேன்.
கதவருகே நின்று மூச்சை எண்ணினேன்.
"லைட்டைப் போட்டுறாதீங்க" என்றாள்.

போடவில்லை.
நிலையில் விரலால் இரண்டு தரம் தட்டினேன்.
அது அவளுக்குப் பழகிவிட்டது,
ஏன் என்று கேட்பதில்லை.