வக்கடை

புழுதியில் எறிந்த மறுநாள் மழை.
நாலு நாளாய் விடவில்லை.
சம்மாந்துறை வட்டைக்குள்
உதுமாலெவ்வை காக்காவின் வரவை
கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் கிடந்தது.
"அழுகிட்டு மிஸ். திரும்ப எறிய
விதைநெல்லுக்கு எங்க போற?"

கையை விட்டுச் சேற்றை அள்ளினேன்.
உமி பிளந்து வெள்ளையாய் ஒரு முளை,
தையல் நூல் அளவு.
வேர் இல்லை.

ஆய்வுகூடத்து ஈரத்தாளில் முதலில் வேர்தான் இறங்கும்.
இங்கே ஒட்சிசன் இல்லை.
"பொறு" என்று அப்சிசிக் அமிலம் பிடித்து வைத்திருந்ததை
முதல் தூறலிலேயே ஜிபரலின் அவிழ்த்துவிட்டது.
இனித் திரும்பி உறங்க வழியில்லை.
மாப்பொருளைச் சீனியாக்கி
சீனியைச் சாராயமாக்கி
(இதைக் காக்காவிடம் நான் சொல்லவில்லை)
அந்தக் குறுக்குவழிக் காசில்
மேலே ஒரு மூச்சுக்குழாய் நீட்டுகிறது நெல்.
நங்கூரம் பிறகு.

"வேர் எங்க?"
"காத்துப் பட்டா வரும். தண்ணிய இறக்குங்க."

மண்வெட்டி இரண்டு கொத்து.
வக்கடை திறந்து
பழுப்பு நீர் சுழித்து ஓடியது
பள்ளத்து வரவைக்கு.

அங்கே வரம்பு உயர்த்திக்கொண்டிருந்த
மீராலெவ்வையின் மகன்
சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு
கத்தியபடி வருகிறான்.

அவன் கேட்கப்போவதும்
இதே காற்றைத்தான்.