பாதித் தலை

கிளிப்பர் இடது காதைச் சுற்றிவந்து
உச்சந்தலையில் ஏறிக்கொண்டிருந்தபோது
ஜெனரேட்டர் இருமியது.
ஒருமுறை. இன்னொருமுறை.
சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது
இத்தனை நேரம் நாங்கள் எல்லாரும்
கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்று.

சின்ன ஜெனரேட்டர்தான்.
'அண்டை வீட்டானைவிட நான் மேல்' என்று
எங்கள் பெனின் நகரத்தில் அதற்குச் செல்லப்பெயர்.
இன்று அண்டை வீடும் இருட்டு.
ஒருவனைவிட ஒருவன் மேலாக இருக்க
ஒரு லிட்டர்கூட மிச்சமில்லை தெருவில்.

ஓமொருயி மஞ்சள் கேனைக் கவிழ்த்துக் காட்டினான்,
சொன்னால் நான் நம்பமாட்டேன் என்பதுபோல.
'காலையிலேயே போனேன் சார்.
பங்க் வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள்.
உள்ளே இருப்பது நேற்றைய பெட்ரோல்தான்.
நாளைய விலைக்காகக் காத்திருக்கிறது.'

வானொலியில் வந்தது ஒரே வாக்கியம்:
மானியம் முடிந்தது.
சொன்ன குரல் எங்கும் தடுக்கவில்லை.
ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு
அடுத்த தாளைப் புரட்டியிருப்பார்.

மானியமெல்லாம் கடத்தல்காரனுக்குத்தான் போயிற்றாம்.
போயிருக்கும்.
நான் கணக்கு வாத்தியார்.
எல்லை தாண்டிய லாரிக்கு எத்தனை லிட்டர்,
லிட்டருக்கு எவ்வளவு என்று கொடுத்தால்
கரும்பலகையில் போட்டே காட்டுவேன்.
எனக்கு விளங்காத கணக்கு ஒன்றுதான்:
அவன் தின்றதை
என் தலையிலிருந்து ஏன் கழிக்கிறார்கள்?

பின்சுவரில் ஒரு ஓட்டை.
அதன் வழியே போகும் ஒயர்
இசோக்கெனின் பிரீசருக்கு.
பெட்ரோல் காசில் பாதி அவளுடையது.
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள்
கைப்பேசி வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாள்.
சிரிக்கத் தொடங்கினாள்.
சிரிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள்:
'எத்தனை மணிக்கு நின்றது?'

உள்ளே மூன்று பெட்டி கானாங்கெளுத்தி.
'திறக்காமல் வைத்தால் விடியும்வரை தாங்கும்.'
'விடிந்தால்?'
ஓமொருயி பவுடர் டப்பாவை எடுத்து
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

அப்போது எனக்குத் தெரியாது:
திங்கட்கிழமை பஸ் கண்டக்டர் சொல்லும் தொகையைக் கேட்டு
ஏறிய காலை இறக்கிக்கொள்வேன் என்பதும்,
உசெலுவிலிருந்து பள்ளிவரை
தொப்பிக்குள் வியர்த்து நடப்பேன் என்பதும்.
பிள்ளைகள் சிரிப்பார்களே என்று
வழியெல்லாம் ஒரு பதில் தயாரித்தேன்.
வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி.
ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்து வந்த உவைலா
மேசையில் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
தொப்பியைக் கழற்றினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
வருகைப் பதிவேட்டில்
அவளுக்கு இரண்டு தடவை டிக் போட்டேன்.
தவறுதான். அழிக்கவில்லை.

ஆனால் அது திங்கட்கிழமை.
இது இன்னும் சனி இரவு.

ஒன்பது மணிவரை பொறுத்தாள் இசோக்கென்.
பிறகு பிரீசரைத் திறந்தாள்.
ஐஸ் விட்டுப்போன மீன்களைச் சட்டியில் அள்ளித்
தெருவுக்கு இழுத்துவந்து வைத்தாள்.
'காசு அப்புறம் கொடுங்கள். பேர் மட்டும் சொல்லுங்கள்.'
விறகு விலையும் நாளை ஏறும் என்று தெரிந்தே
யார் யாரோ விறகு கொண்டுவந்தார்கள்.
விசேஷ நாளில் மட்டும் மீன் பார்க்கிற வீடுகளில்
ஆளுக்கு ஒன்று, முழுசாக,
தலையோடு, வாலோடு.
தையல்காரன் மிளகாய் அரைத்தான்.
எதிர்வீட்டுக் குழந்தைகளுக்கு
இன்று என்ன பண்டிகை என்று புரியவில்லை.
யாரும் சொல்லவுமில்லை.

மொட்டையும் முடியுமாக நானும் உட்கார்ந்து தின்றேன்.
இருட்டில் எழுதிய அவள் கடன் நோட்டில்
என் பெயர்மேல் வேறொருவர் பெயர் ஏறியிருக்கிறது.
இரண்டையும் பிரித்து வாசிக்க
இதுவரை அவளால் முடியவில்லை.
இருவருமே இன்னும் கொடுக்கவில்லை.

மீன் நன்றாக இருந்தது.
அதைச் சொல்லத்தான்
கூச்சமாக இருக்கிறது.