கால் சுற்று

கிலோ நாற்பத்தொன்பது ரூபாய்க்கு
இரும்பாகத்தான் விற்றார்கள்.
எடைமேடைச் சீட்டிலும் அப்படித்தான்:
பழைய இரும்பு, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
மில்லிங் மெஷின்னு எழுதுங்க என்றேன்.
எழுதினா விலை ஏறும், பரவால்லியா என்றான்.
சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன கம்பெனி.
தோல் ஷாப்பு டிரம்முக்குப் பல்சக்கரம் வெட்டியதாம்.
இரண்டு மழைக்காலம்
கூரை ஓட்டைக்கு நேர் கீழே நின்றிருக்கிறது.

ஆறு லிட்டர் டீசல், மூன்று கிழிந்த லுங்கி.
துருவுக்கு அடியில் துரு.
கியர்பாக்ஸ் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு.
அதற்கு அடியில் பெயின்ட்,
பெயின்ட்டுக்கு அடியில் இன்னொரு பொட்டு.
ஆயுத பூஜைக்கு வைத்ததையெல்லாம்
பெயின்ட் அடித்து மூடி, மூடி
பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவது இருக்கும்போல் தெரிந்தது.
அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல் விட்டேன்.

கைப்பிடியைச் சுற்றினால்
கால் சுற்றுக்கு டேபிள் அசைவதில்லை.
பிறகு, யாரோ கூப்பிட்டது அப்போதுதான் காதில் விழுந்தாற்போல்
நகர்கிறது.
திருப்பிச் சுற்றினாலும் அதே கால் சுற்று சும்மா.
நடுவில்தான் இவ்வளவு ஆட்டம்.
இருபது வருஷமாக எல்லா வேலையும் நடுவிலேயே.
ஓரத்துக்கு யாரும் போனதே இல்லை.
அங்கே திருகின் மரை புதுசு.

நட்டைப் பார்க்க வேண்டுமானால்
டேபிளை உருவ வேண்டும். நூற்றைம்பது கிலோ.
செயின் பிளாக் மாட்டலாம்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை கூடவே இறங்கும்.
வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிஃப்ட்.
பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுவது எத்திராஜ்,
என் கொழுந்தன்.
பேங்க் ஜாமீன் கையெழுத்தில் நின்ற பேச்சு,
இந்த ஆடி வந்தால் மூன்று வருஷம்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கடப்பாரை போட்டுத் தனியாக நெம்பினேன்.
கிறீச்சென்று ஒரு சத்தம்.
தொழில் தெரிந்தவன் கேட்டுவிட்டுச்
சும்மா இருக்க முடியாத சத்தம்.

லேத் நின்றது.
ஷட்டர் ஏறியது.
"ஸ்லைடு போய்டும் அண்ணி."
அதற்குமேல் பேச்சில்லை.
நாலு பைப், ரெண்டு ஸ்டாண்டு, ஒரு ஈரச் சாக்கு.
அந்த முனை அவன், இந்த முனை நான்.

கத்திரி வெயில். தகரக் கதவு தொட்டால் சுட்டது.
பொழுது சாயும்வரை
நீலம் தடவுவது, தேய்ப்பது,
நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்க்ரேப்பரால் எடுப்பது,
மறுபடி நீலம்.
வேர்வை சொட்டிய இடத்தில்
காலையில் துரு பூத்திருக்கும்,
உடனே உடனே துடைத்தோம்.

கன்மெட்டல் நட்டை
ஹேக்ஸா போட்டு இரண்டாக அறுத்தான்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
இடையில் பித்தளைத் தகடு வைத்துப் பூட்டினான்.
ஒரு பாதி இப்படித் தள்ளுது,
ஒரு பாதி அப்படித் தள்ளுது,
திருகு நடுவில் ஆடாமல் நிற்கிறது.

டயல் கேஜ் முள்ளில் நாலு கோடு.
"இன்னும் ரெண்டு எடுக்கலாம்."
"எடுத்தா ஓரத்துல பிடிச்சுக்கும்."
நம்பவில்லை அவன்.
இந்த ஓரம் வரை சுற்றினான், அந்த ஓரம் வரை சுற்றினான்.
கை கனப்பது அவன் தோளில் எனக்குத் தெரிந்தது.
"ஆமா" என்றான்.
மூன்று வருஷத்தில்
நான் சொன்ன ஒன்றுக்கு.

ஒரு வார்ப்பிரும்புத் துண்டை வைஸில் கட்டி
அரை நூல் எடுத்தேன்.
சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.
தோல் ஷாப்பு நாற்றத்தையும் தாண்டி
அறுபடும் இரும்பின் வாசம்.

வாலாஜா ரோடில் ஏதோ ரயில் கூவிய நேரம்,
வாங்கி வைத்த டீ ஆடை கட்டியிருந்தது.
குடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

டேபிளின் ஓரத்தில்
அவனுடைய பதினேழு-பத்தொன்பது ஸ்பேனர்.
கைப்பிடியில் 'எ' என்று பஞ்ச் அடித்தது.

சாமானை மறந்து வைத்துவிட்டுப் போகிற
ஆள் இல்லை அவன்.