அரை மில்லி

மார்த்தாண்டம் லேபிலிருந்து
சோற்றுப் பாத்திரத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன்
பல் அராவுகிற மைக்ரோமோட்டாரை.
கூடவே நாலு கார்பைடு பர்.
செவ்வாய்க்கிழமைக்குள் திரும்ப வைக்கணும்,
ஷைலஸ் சார் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால்.

குலசேகரத்தில் மூணு நாளாக மழை.
ரப்பர் வெட்டு இல்லை, ஜெனிஷ் வீட்டில்.
அடுக்களை மேசையில்
மரச்சீனி உரித்த பேப்பரை மாற்றக்கூட இல்லை,
அதன் மேலேயே
என் ஷோகனின் எஞ்சின் இரண்டாய்ப் பிளந்து கிடக்கிறது.

பேரிங் இரண்டும் ஃப்ரீசரில்.
கிராங்க் கேஸில் பாதி தோசைக்கல்லில்.
"சாளைய எங்க வச்ச?"
"பேரிங்குக்குக் கீழ."
கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளிக்கிற அதே கையால்
அலுமினியத்தில் தெளித்தேன்.
துளி உருண்டு ஓடியது.
மீன் வாடையோடு உறைந்திருந்த பேரிங்கை எடுத்துக்
குழியின் வாயில் வைத்தேன். சுத்தியல் தொடவில்லை.
டொக்.
தானே போய் உட்கார்ந்துகொண்டது.
ஜெனிஷ் என்னைப் பார்த்தான்.
இப்படி அவன் பார்ப்பது இது இரண்டாம் தடவை.
முதல் தடவை எதற்கென்று சொல்ல மாட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
புது பிஸ்டன், புது ரிங், போதும் என்றிருக்கலாம்.
ஆனால் பர் கையில் இருந்தது.
எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை
ஒரு மில்லி ஏற்றினால்
நாலாவது கியரில் வண்டி கத்தும்.
மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன்,
கடைவாய்ப் பல்லுக்குப் போடுவது போலவே.

கரண்ட் போனது.
கை அப்படியே நின்றது.
கரண்ட் வந்தது.
கைக்கு முன்னால் பர் தாவியது.
வெர்னியரில் மூணு தடவை அளந்தேன்.
மூணு தடவையும் ஒன்றரை.

லேபில் கூடுதலாய்ச் சீவிவிட்டால்
மெழுகு வைப்பேன், ஊதுவேன், மறுபடி சீவுவேன்.
யாருடைய ஈறுக்கும் என் பிழை தெரியாது.
இரும்புக்கு மெழுகு இல்லை.
தரையில் சிதறிய கருந்தூளைக்
காந்தத்தால் கூட்டி ஒரு மூடியில் வைத்தேன்,
என்னத்துக்கென்று தெரியாமல்.

மழை விட்டதும் பொன்மனை ஏற்றத்தில் தெரிந்தது.
மேலே கத்துகிறது, சரிதான்.
கீழே உயிரே இல்லை.
முதல் கியரில் கிளட்சை விட்டால் இருமி நிற்கிறது.
பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று
என்னைத் தாண்டிப் போனது.
ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அது கொஞ்சம் ஆறுதல்.

விளிம்பை இறக்க முடியாது.
இரண்டு நாள் யோசித்தேன்.
சிலிண்டரையே இறக்கலாம்.
அடியில் இருக்கிற கேஸ்கெட் அரை மில்லிக்குமேல் தடிமன்.
அதைக் கழற்றி எறிந்து
கைப்பையில் கிடந்த ஆர்டர் சீட்டை வெட்டினேன்:
மேல்தாடை, முழு செட், நிறம் ஏ-மூணு, அவசரம்.
ஆயிலில் நனைத்து ஒட்டி சிலிண்டரை இறக்கினேன்.
பிளக் துளை வழியே ஈயக்கம்பியை விட்டு
எஞ்சினைச் சுற்றி எடுத்தபோது
அப்பளமாய் வந்தது, முக்கால் மில்லி.
பிஸ்டன் ஹெட்டை முட்டிவிடும்.
தலைக்கு ஒரு செம்புத் தகடு கூடுதல்.

எத்தனை போல்ட், எத்தனை தடவை,
ஜெனிஷ் எண்ணினான், நான் எண்ணவில்லை.
ஒரு வாஷர் மிச்சம்.
எங்கே உள்ளதென்று இன்றுவரை தெரியாது.

மறுபடியும் பொன்மனை.
இரண்டாம் கியரில் ஏறியது.
நன்றாக ஏறியது என்று சொல்ல மாட்டேன்.
பாதியில் ஒரு விக்கல், பிறகு ஒரு தாவல்,
ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சத்தத்தைத்
திருப்பித் திருப்பி எறிந்தன.

உச்சியில் நிறுத்தி பிளக்கைக் கழற்றினேன்.
பொறுக்க முடியாமல் வெறும் விரலாலேயே.
முனையில் கடுங்காப்பி நிறம் இல்லை,
சாம்பல் வெளுப்பு. பெட்ரோல் போதவில்லை.
ஜெட் ஒரு நம்பர் பெரிசு வேணும்.

சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
திங்கள்கிழமை.
மைக்ரோமோட்டார் இன்னும் வீட்டில் இருக்கிறது.
அந்த மேல்தாடைக்காரர் யாரென்றும்
மறந்துபோய்விட்டது.