உள்ளே ஏரி

பனி உடைந்து ஆறு நாள் ஆகிறது.
எல்லாப் படகும் இறங்கிவிட்டன,
என்னுடையது மட்டும் கொட்டகை வாசலில், டிரெய்லர் மேல்.
பதினான்கு அடி அலுமினியம்.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.

போன கோடை முழுக்க
பிடித்த மீனைவிட இறைத்த நீர் அதிகம்.
அரைமணிக்கு ஒருமுறை காபி டின்.

எனக்கு முன்னே இதை வைத்திருந்தவர்கள்
ஆளுக்கொன்று அப்பியிருக்கிறார்கள்:
கூரைத் தார், குளியலறை சிலிகான்,
பின்பலகையின் மூலையில்
சத்தியமாகச் சூயிங்கம், பல் தடத்தோடு.
மூன்று சனிக்கிழமை சுரண்டினேன்.
அடியில் ரிவெட்டுகள்,
வரிசை பிசகாமல், ஒன்றும் சொல்லாமல்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான்:
கசிவைப் பிடிக்க வேண்டுமானால்
படகுக்குள் நீரை ஊற்று.
ஹோஸைப் போட்டேன், கணுக்கால் மட்டும்.
வெளியே இருக்க வேண்டியது உள்ளே.
உள்ளே இருக்க வேண்டியவள்
கீழே சேற்றில் மல்லாந்து,
கையில் சிவப்பு மெழுகுக்குச்சி.

முதல் சொட்டு நெற்றியில்.
வட்டம் போட்டேன்.
துடைத்துப் பார்த்தால் அங்கே இல்லை;
தையல் வழியே ஒரு முழம் ஊர்ந்து வந்திருக்கிறது.
சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு.
சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு வட்டம்,
அம்மை போட்ட வயிறு மாதிரி.

நீரைத் திறந்துவிட்டு, காயவைத்து,
சுத்தியலோடு உள்ளே ஏறிய பிறகுதான் உறைத்தது:
உள்ளிருந்து நான் அடித்தால்
வெளியிலிருந்து யாராவது இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும்.
இல்லாவிட்டால் ரிவெட் இறுகாது, வெறுமனே குதிக்கும்.

கூப்பிடு தூரத்தில் இருப்பது ரௌனோ.
எல்லையில் நின்ற பிர்ச்சை அவன் வெட்டினான்,
நான் நகராட்சிக்கு எழுதிப்போட்டேன்.
இரண்டு குளிர்காலம், ஒரு சொல் கிடையாது.

நான் கூப்பிடவில்லை.
தனியாகவே அடித்துப் பார்த்தேன், டங், டங்,
தப்புத் தப்பாய்.
தவறான சத்தத்தைச் சகிக்காத காது சிலருக்கு.
வேலியோரம் பூட்ஸ் தெரிந்தது.
பிறகு அட்டைப்பெட்டியை விரிக்கும் சத்தம்.
பிறகு, என் காலடியில்,
தகட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு கனம் வந்து அமர்ந்தது.

முகம் பார்க்காமல் ஒரு மொழி உண்டானது:
ஒரு தட்டு என்றால் தயார்,
இரண்டு என்றால் போதும்.
முப்பத்திநான்கு வரை அப்படியே போனது.
ஒருமுறை மட்டும் ஃபின்னிஷில் ஏதோ சொன்னான்,
விரல் நசுங்கியவன் சொல்வது.
மன்னிப்பு என் வாய்வரை வந்தது.
விரலுக்கா, கடிதத்துக்கா என்று
நிதானிப்பதற்குள் ஒரு தட்டு.
தயாராம்.

இருட்டியதும் போய்விட்டான்.
காலையில் பார்த்தால்
டிரெய்லர் மட்கார்டின் மேல் அவன் இரும்பு,
காம்பு இல்லாத சம்மட்டித் தலை.
மறந்ததா,
மீதி ஏழுக்காக வைத்ததா தெரியவில்லை.
திருப்பிக் கொடுக்கப் போனால் பேச வேண்டியிருக்கும்.

இன்று படகை இறக்கினேன்.
நண்பகல்வரை உலர்ந்த தரை.
அப்புறம் பின்பக்கம் நூல் கனத்தில் ஒரு கோடு,
விலாச்சட்டத்தைச் சுற்றி வந்து
அந்த இரும்பைத் தொட்டு நின்றது.
காபி டின்னை எடுக்கவில்லை.
அவன் துறைப்பக்கம் படகைத் திருப்பினேன்,
மெதுவாக,
இன்னும் கொஞ்சம் கசியட்டும் என்று.