ஆறாம் அறைக்காரர் எழுதியது

கானாடுகாத்தான் விடுதி.
கிளம்பும்போது ஏட்டில் எழுதிப் போனார்:
உங்கள் மோரை 'குவாஃப்' செய்தேன்.

என்னவாம், என்றார் முதலாளி சோலையப்பன்.

குடித்தாராம்…
மாத்திரைக்குத் தண்ணீரும்
குடிக்கத்தானே செய்கிறோம்.
அருந்தினாராம்…
அது அழைப்பிதழ்ச் சொல்,
மீசை நனையாது.

நான் பார்த்தேனே.
கரண்ட் போன மூன்று மணி.
பஞ்சவர்ணம் நீட்டிய சொம்பை
இரண்டு கையாலும் ஏந்திக் கவிழ்த்து
மடக்மடக்கென்று,
தாடியில் வழிந்தது
ஆத்தங்குடிக் கல்லில் சொட்ட,
கன்னத்தில் ஒட்டிய கறிவேப்பிலையோடு
இன்னொன்று கேட்டார்.

"மாந்தினாராம்" என்றேன்.

"மாந்தமா!"
நாற்காலி பின்னால் சாய எழுந்தார்:
"நம்ம மோராலயா?"

அடுப்படியில் பாத்திரம் உருண்டது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
பில்லைப் புரட்டினேன்.
ஒரு சொம்புதான் ஏற்றியிருந்தேன்.