இடக்கை அம்பு

அமலதாஸ் சொல்லும்வரை நான் கண்டதில்லை,
கணனித் திரையின் வெள்ளை அம்பு
இடப்பக்கம் சரிந்தே நிற்கிறது,
வாலை எப்போதும்
வலதுகைக்காரர் பக்கம் வைத்துக்கொண்டு.

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்தில்
இரண்டு பேருக்கு ஒரு கணனி.
காலை அவர், பின்னேரம் நான்.
காலபோக உரப் பட்டியல்:
பெயர், வாய்க்கால், ஏக்கர், யூரியா.
அவருடைய சட்டையின் வலதுகை
முழங்கைக்கு மேலே மடித்து ஊசி குத்தியிருக்கும்.
நான் வந்ததும் மவுஸ் வயரை
மேசையைச் சுற்றி என் பக்கம் இழுப்பேன்.
பதினொரு மாதமாக எங்களுக்குள்
அவ்வளவுதான் புழக்கம்.

"இது உங்கட கையிலயிருந்து வாற அம்பு, தங்கச்சி.
இந்தக் குட்டிக் கையும் அப்பிடித்தான்.
உங்கட கையைக் கவிட்டு வைச்சுப் பாருங்கோ,
பெருவிரல் எந்தப் பக்கம்?"
வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம்.
திரையிலும் இடப்பக்கம்.
இத்தனை நாளும் பட்டன்களைத் தொட்டுத் திரிந்தது
ஒரு வலதுகை.

மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவர் கீறினார்.
முப்பத்திரண்டு பெட்டி அகலம், முப்பத்திரண்டு உயரம்,
ஒவ்வொரு பெட்டியாகக் கறுப்பு, வெள்ளை.
சோற்றுப் பொதியைப் பிரிக்காமல் ஒரு நாள்,
மீன் பொரியல் ஆறிப்போக ஒரு நாள்.
அம்பு வலப்பக்கம் சரிந்தது.
குட்டிக் கைக்குப் பெருவிரல் இடம் மாறியது.
நகம் வேணுமா என்று என்னிடம் கேட்டார்.
ஒரு புள்ளியில் என்ன நகம் என்றேன்.
வைத்தார்.

அடுத்த நாள் நான் வெள்ளன வந்திருந்தேன்.
கற்சிலைமடு நாகேஸ்வரியின் பெட்டியில் அமத்தப்
பக்கத்துப் பெட்டி திறந்தது.
இன்னொருமுறை. திரும்பவும் பக்கத்துப் பெட்டி.
படத்தைத்தான் திருப்பியிருந்தார்.
தொடுகிற புள்ளி
பழைய மூலையிலேயே கிடந்தது,
அம்பு இல்லாத வெறும் இடத்தில்.

நான் சிரித்துவிட்டேன்.
அவருடைய இடதுகை போய்
மடித்த சட்டைக்குக் கீழே
காற்றில் ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்தது.
"எனக்கும் அங்கதான் கடிக்கிறது" என்றார்.
"அதைச் சொறிய ஏலாது. இதை மாத்தலாம்."
சைபரை அழித்து முப்பத்தொன்று அடித்தார்.
நாகேஸ்வரிக்கு நூறு கிலோ விழுந்தது.

பின்னேரங்கள் எனக்குக் கரைச்சல்.
யாரோ எதிர்ப்பக்கமிருந்து
என் வேலைக்குள் கைநீட்டுவதுபோல் ஓர் எரிச்சல்.
நான் பழையதை வைப்பேன், அவர் விடிய மாற்றுவார்.
சண்டை என்றில்லை, ஆறு கிளிக்.
மழை கண்டு முத்தையன்கட்டுச் சனம்
கேற்றடி வரைக்கும் வரிசையில் நின்ற நாள்
மாற்ற மறந்து நாலு மணிவரை அடித்திருக்கிறேன்.
ஒருவருக்கும் ஒரு கிலோ குறையவில்லை.

தையில் முல்லைத்தீவிலிருந்து வந்த பெடியன்
வைரஸ் என்று எல்லாவற்றையும் அழித்து ஏற்றினான்.
"அம்பும் பழுதாக் கிடந்தது அக்கா,
அதையும் சரியாக்கியிருக்கிறன்."

அமலதாஸ் அன்று லீவு.
என் பென்டிரைவில்,
மகளின் சாமத்திய வீட்டுப் படங்களுக்குள்
அந்த இரண்டு கோப்பும் கிடந்தன.
எப்போது எடுத்து வைத்தேனோ.
ஏற்றினேன்.
குட்டிக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
நகம் இருந்தது.
மவுஸ் வயரை மேசையைச் சுற்றி
அந்தப் பக்கம் இழுத்து வைத்துவிட்டு
மாங்குளம் பஸ்ஸுக்கு ஓடினேன்.